வராத கை

வரைவதில் எது ரொம்பக் கஷ்டம் என்று ஓவிய நண்பர்களைக் கேட்டால், பெரும்பாலும் ‘கைதான்’ என்பார்கள். 27 எலும்புகள், ஒரு விரல் லேசாக மடங்கினாலே நீளமும் நிழலும் மாறிவிடும். சிக்கல் உடற்கூறோடு முடிவதில்லை. கண்முன் இருக்கும் கையை விட்டுவிட்டு, மனசில் படிந்துபோன ‘கை’ என்கிற குறியைத்தான் வரைந்து தொலைக்கிறோம். அது யாருடைய கை? ஐரோப்பியக் கலைப்பள்ளிகள் பிளாஸ்டர் வார்ப்புகளை வைத்துப் பழக்கிய, உழைப்பின் தழும்பு படாத கை.

1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தில், மண்ணைத் தோண்டிய அதே கைதான் தட்டுக்கும் நீள்கிறது என்று காட்ட முயன்றார் வான்கோ. அதன் கல்லச்சுப் படியைப் பார்த்த ஓவிய நண்பர் வான் ராப்பார்ட், கை உட்பட எதுவுமே சரியில்லை என்று சாடினார். நட்பு முறிந்தது.

நானும் கைகளைத் துணிமடிப்பில் ஒளித்து வரைந்தவன்தான். மறைப்பது என் திறமைக்குறைவை என்றே நினைத்திருந்தேன். அந்தக் கைகளை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதையல்லவா மறைத்திருக்கிறேன்.