மூளையைக் குறை கூறுமுன்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. கை தளர்ந்தாற் குரலும் தளரும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவு இன்று வேறொரு பொறிக்கு உதவுகின்றது.

மரத்திற் கோலஞ் செதுக்கும் சி.என்.சி. பொறியைப் பொழுதுபோக்காக அமைப்போர் பலர், 2012இல் முதன்முதல் வெளிவந்த ‘றாஸ்பெரி பை’ போன்ற ஒற்றைப்பலகைக் கணினியை அதற்கு மூளையாக வைக்கின்றனர். மோட்டார்களை நேரே இயக்குவது பெரும்பாலும் வேறொரு சிறு பலகை. கணினி அதற்கு வரிவரியாகக் கட்டளை ஊட்டுகின்றது. ஊட்டும் கணினி மயங்கினால் அசைவு நின்றுவிடும். வெட்டலகு சுழல்வது நிற்காமலும் போகலாம்.

அத்தகைய பொறியொன்றை அண்மையிற் கண்டேன். வேலை நடுவே கணினி தானாக மீண்டும் தொடங்கிற்று. ஒரே இடத்திற் சுழன்ற அலகு வேப்பம்பலகையைக் கருக்கியது. உடையவர் மென்பொருளைப் பலமுறை மாற்றிப் பார்த்திருந்தார். நான் கேட்டது ஒன்றே: இதற்கு மின் போதிய அளவு வருகின்றதா?

கணக்கு எளிது. 5 வோல்ற்று வழங்கியிலிருந்து மெலிந்து நீண்ட கம்பி வழியே 2 அம்பியர் பாய்கின்றது. போகவும் வரவும் சேர்த்துக் கம்பியின் தடை 0.2 ஓம் எனின், 0.4 வோல்ற்று வழியிலேயே மறையும், எஞ்சுவது 4.6. அக்கணினியோ அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை விடுவது. ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல உதாரணம் அரிது. வானொலி மெலிந்தேனும் பாடும். கணினியோ செய்வதை மறந்துவிடும்.

சோதனைக்கு ஒழுங்கு வேண்டும். முதலில் அலகை நிறுத்தி, மரத்துக்கு மேலே உயர்த்தி, பொறியை வெறுமனே ஓடவிடுக. அப்போதும் தடுமாறின் வழங்கி, கம்பி, வெப்பம், நினைவக அட்டை என ஒவ்வொன்றாக ஆராய்க. ஒரே வேளையில் இரண்டை மாற்றினாற் குற்றம் எதனது என்று தெரியாது. 80 பாகை செல்சியசை எட்டினாற் கணினி தன் வேகத்தைத் தானே குறைக்கும்; சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் விசிறி வேண்டும். அலகு சுழலும்போது மட்டுமே தடுமாறின், அம்மோட்டாரின் மின்னிரைச்சல் யூ.எஸ்.பி. கம்பியுட் புகுகின்றதா எனப் பார்க்க. கம்பிகளை விலக்கி, கவசமிட்ட குறுங்கம்பி இடுக.

நான் கண்ட பொறி, தடித்த குறுங்கம்பியும் 5.1 வோல்ற்று வழங்கியும் இட்டதும் சீராயிற்று. எனினும் சீரான கணினியையும் முற்றாக நம்பலாகாது. அலகின் மின்னை நேரே துண்டிக்கும் அவசரப் பொத்தான் கணினியின் தயவின்றி இயங்க வேண்டும். மூளை மயங்கினும் மனிதன் கை தப்ப வேண்டும் அன்றோ!