நீல ஸ்புரூஸும் மட்டாஞ்சேரித் தொட்டியும்

மார்கழி பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரி வீதிகளில் இரு காட்சிகள் அருகருகே தோன்றும். நம்மவர் வீட்டு வாசலில் அரிசிமாக் கோலம். அடுத்த வீட்டு முகப்பில் காகித நட்சத்திர விளக்கு. அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. வாசற்படியோரம் தொட்டியில் நிற்கும் ஊசியிலைச் செடியே அது. அத்தகைய செடி ஒன்றை வளர்க்க முயன்று எம் இல்லத்தில் நேர்ந்த துன்பத்தையும், அதனால் யாம் கற்றதையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் மகள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் குடித்தனம் நடத்துகிறாள். அவள் வீட்டு முற்றத்தில் வெள்ளியும் நீலமும் கலந்தாற்போன்ற நிறத்தில், பந்துபோல் திரண்ட குட்டைச் செடி ஒன்று உண்டு. பேத்தி அதனருகில் நிற்கும் படம் வந்த நாள்முதல், அச்செடி நம் வீட்டிலும் இருத்தல் வேண்டும் என்ற ஆவல் என் மனைவிக்கு உண்டாயிற்று. விடுமுறைக்கு வரும் குழந்தை, தன் வீட்டுச் செடியை இங்கும் கண்டு மகிழவேண்டும் என்பதே அவள் எண்ணம்.

தபால் வழியே முதலில் ஒரு கன்று வரவழைத்தோம். ஆனி மாத மழையில் அது அடியிலிருந்து பழுத்து உதிர்ந்தது. மறு ஆண்டு, ‘குட்டை நீல ஸ்புரூஸ்’ என்று எழுதப்பெற்ற விதைப் பொட்டலம் வாங்கினோம். குளிர்ப்பெட்டியில் ஈரமணலில் வைத்து, பின் தொட்டியில் இட்டோம். சில முளைத்தன, இரு வாரங்களில் தண்டு கருகிச் சாய்ந்தன. மூன்றாம் முறையும் அவ்வாறே. “என் கை ராசியில்லாத கை, என் கையால் வைத்தது எதுவும் விளங்காது” என்று அவள் சொல்லத் தொடங்கியபோதுதான், இதன் காரணத்தை ஆராயாமல் விடலாகாது என்று துணிந்தேன்.

ஸ்புரூஸ் என்பது தேவதாரு, பைன் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அவற்றுள் நீல ஸ்புரூஸ் அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடருக்கு உரியது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடிமுதல் 10,000 அடிவரை, ஓடைக்கரைகளில் இயல்பாக வளர்வது. 1862-ஆம் ஆண்டு சார்லஸ் பாரி என்ற தாவர அறிஞர் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில் இதனைக் கண்டு உலகறியச் செய்தார். நம் நாட்டிலும் இதன் உறவினம் ஒன்று இமயமலைச் சாரல்களில் உண்டு. ஆனால் தென்னாட்டுக் காடுகளில் ஸ்புரூஸ் எதுவும் இயல்பாய் வளர்வதில்லை.

அதன் நீல நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். நம் வெளிப் பகுதியில், 1976-இல் கட்டப்பெற்ற தோபிக் கானாவில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பத்தினர் துணி வெளுத்து வருவதை அறியாதார் யார்? அங்கே வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவர். அந்நீலம் நூலில் ஏறி நிற்கும். ஸ்புரூஸின் நீலமோ இலைக்குள் ஊறிய சாயம் அன்று. இலையின்மேல் படிந்த மெல்லிய மெழுகு, ஒளியைச் சிதறச் செய்து நீலமாய்த் தோற்றுகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். பூச்சிக்கு அஞ்சி எண்ணெய்க் கரைசலோ சவர்க்கார நீரோ தெளித்தால் நிறம் போய்விடும். அடுத்த பருவத்துத் துளிர் வந்தால்தான் மீளும். எம் செடிக்கு யாம் செய்த முதற்பிழை அதுவே.

இனி, குட்டைச் செடியின் வரலாறு. மலையில் இம்மரம் 70, 80 அடி உயரம் ஓங்குவது. விதைகளினிடையே இயற்கையாய் ஒரோவழித் தோன்றும் குறுகிய கன்றுகளைத் தேர்ந்து, ஒட்டுக் கட்டிப் பெருக்கியவையே தோட்டத்துக் குட்டை இனங்கள். அவற்றுள் புகழ்பெற்ற ‘குளோபோசா’ 1937-இல் ஹாலந்து நாட்டின் பாஸ்கூப் என்ற நாற்றங்கால் ஊரில் தோன்றியது. ஆண்டுக்குச் சில அங்குலமே வளர்ந்து, பல்லாண்டுகளுக்குப் பின்னும் மூன்று நான்கு அடியளவில் நிற்கும். ஆகவே அன்பர்கள் ஒன்றை உறுதியாய்க் கொள்ளலாம். குட்டைத் தன்மை ஒட்டுக் கன்றால் வருவதேயன்றி, விதையால் நம்பிப் பெறத்தக்கது அன்று. விதையில் முளைத்தவற்றுள்ளும் எல்லாம் நீலமாய் இரா. பச்சையாய் நிற்பனவே பல. ‘குட்டை நீல ஸ்புரூஸ் விதை’ என்று விற்கும் பொட்டலத்திற்குப் பணம் கொடுப்பது வீண்.

ஹாலந்து என்றவுடன் நம் ஊரின் பழைய தொடர்பு நினைவுக்கு வருகிறது. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் வசம் இருந்தது. அக்காலத்தில் இங்குத் தலைவராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரின் அறிவையும், ரங்க பட்டர் முதலிய கொங்கணிப் பண்டிதர் மூவரின் உதவியையும் கொண்டு, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாய் அது வெளிவந்தது. நம் மண்ணின் செடிகள் ஏட்டில் ஏறி ஹாலந்து சென்றன. அந்நாட்டார் உருவாக்கிய குட்டைச் செடியோ நம் மண்ணில் காலூன்ற மாட்டாமல் தவிக்கிறது.

தவிப்பதன் காரணங்கள் மூன்று. முதலாவது குளிர்காலம் இன்மை. ஸ்புரூஸ் ஆண்டுதோறும் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழவேண்டிய மரம். உறங்காவிடில் அடுத்த துளிர் ஒழுங்காய் வாராது. நம் ஊரிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இரண்டாவது, இரவின் வெம்மை. பகலில் செடி உண்டாக்கும் உணவு அதன் வரவு; இரவில் சுவாசத்திற்குச் செலவாவது அதன் செலவு. வெம்மையான இரவில் செலவு மிகும். வரவுக்கு மீறிச் செலவிடும் குடும்பம்போல் செடி நாளடைவில் நலியும். மூன்றாவது, மழையும் ஈரமும். ராக்கி மலையில் ஆண்டு மழை 50, 60 சென்டிமீட்டர் அளவினது. கொச்சியில் ஏறத்தாழ 300 சென்டிமீட்டர். வேர் அழுகலும் இலைப் பூஞ்சணமும் அதற்குமேல் சொல்லவேண்டா.

இவற்றை யான் படித்துச் சொன்னபோது என் மனைவி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அப்படியானால் குறை என் கையில் இல்லையே?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அன்று மாலையே காலித் தொட்டிகளைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

அத்தொட்டிகளில் ஒன்றில் இப்போது அரோக்கேரியா நிற்கிறது. பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவினின்று வந்த ஊசியிலை இனம் இது. கடற்காற்றும் வெம்மையும் அதற்குப் பழக்கமானவை. நீல நிறம் இல்லை. ஆயினும் அடுக்கடுக்காய் விரியும் கிளைகளின் அழகு வேறு எதற்கும் வாராது. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஐந்து கண்டங்களில் நிற்கும் மரங்களை அளந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இவ்வினம் எங்கு வளரினும் பூமத்திய ரேகையின் பக்கமே சாய்கிறது என்று காட்டியது. ஆகவே நம் ஊரில் அது தெற்கு நோக்கிச் சாய்ந்தால் அஞ்சவேண்டா.

வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: தொட்டியின் அடித்துளை அடையாதபடி ஓட்டுச்சில்லு இடுக. செம்மண், ஆற்றுமணல், மக்கிய இலையுரம் மூன்றையும் சமமாய்க் கலந்து நிரப்புக. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் வார்க்கவேண்டும். இடவப்பாதி மழையில் தாழ்வாரத்திற்கு மாற்றுதல் நலம். உச்சிக் குருத்தை எக்காரணத்தாலும் கிள்ளலாகாது. கிள்ளினால் வடிவம் கெடும். உதிர்ந்த அடுக்குக் கிளை மீண்டும் தழைப்பதில்லை.

அயல்நாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தார் நீல ஸ்புரூஸை அவர்கள் முற்றத்திலேயே வளர்க்கச் சொல்லலாம். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் போதும். குட்டைச் செடியிலிருந்து ஒரு கிளை மட்டும் நேரே ஓங்கி எழுமானால் அதனை அடியோடு வெட்டிவிடவேண்டும். தொட்டிச் செடியைப் பண்டிகைக்கு வீட்டுக்குள் கொண்டுசென்றால் ஒரு வாரத்திற்குமேல் வைத்தலாகாது. உள்வெப்பத்தில் உறக்கம் கலைந்த செடி மீண்டும் பனியில் நின்றால் பட்டுப்போகும்.

சென்ற டிசம்பரில் பேத்தி வந்தாள். அரோக்கேரியாவைத் தொட்டுப் பார்த்து, “இது ஏன் நீலமாய் இல்லை, பாட்டி?” என்று வினவினாள். “இது இந்த ஊர்ப் பிள்ளை, கண்ணு” என்றாள் என் மனைவி. அன்றிரவு குழந்தையை வெளி மைதானத்திற்கு அழைத்துச் சென்றோம். ஆண்டிறுதியில் அங்குள்ள பெரிய தூங்குமூஞ்சி மரத்தையே விளக்குகளால் அணிசெய்து கிறிஸ்துமஸ் மரமாக்கி மகிழ்வது கொச்சிக்காரர் வழக்கம் அன்றோ! அம்மரமும் தென்னமெரிக்காவினின்று வந்து இவ்வூரில் வேரூன்றியதே. குழந்தை அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். வீட்டுக்கு அழைத்துவர வெகுநேரம் ஆயிற்று.

தம் தொட்டிகளில் வேறு ஊசியிலைச் செடிகளை வளர்த்து வெற்றி கண்ட அன்பர்கள் இருப்பின், தம் அனுபவத்தை நம் இதழுக்கு எழுதுவார்களாக.