பிள்ளை விமானியாக வேண்டுமா? பணம் கட்டுமுன் ஒரு கணக்கு

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் பைகளை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தைப் பம்பாய் ஜூஹுவுக்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து அந்தத் தபால், பெல்லாரி வழியாக, சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்றவரும் அவரே. 1929 பிப்ரவரியில் இதே பம்பாயில் பெற்றார். அன்று அது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் கலை. இன்றோ செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர் வீடுகளில்கூட, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனோ மகளோ, "அப்பா, நான் பைலட் ஆகப் போகிறேன்" என்று சொல்வதைக் கேட்க முடிகிறது.

ஆசையில் தவறில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே ஆண்டில் நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், அதாவது டி.ஜி.சி.ஏ., 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. முந்திய ஆண்டில் 1,165தான். இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் பெண்கள். உலக சராசரியைவிட இது பல மடங்கு அதிகம். ஆகவே பெண் குழந்தை கேட்டாலும் தட்டிக்கழிக்கக் காரணமில்லை.

ஆனால் இந்தப் படிப்புக்கு ஆகும் பணம் பொறியியல் கல்லூரிக் கட்டணம் போன்றதல்ல. பல குடும்பங்களில் அது ஊரிலுள்ள வீட்டின் விலை. ஆகவே, குறிப்பாக வெளிநாட்டுக்குப் போய்ப் பயிற்சி பெற நினைப்பவர்கள், முதல் தவணை கட்டுவதற்கு முன்பே முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஏன் வெளிநாடு?

ரேபரேலிக்கு அருகே ஃபர்சத்கஞ்சில் அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி இருக்கிறது. வேறு பல தனியார் பள்ளிகளும் நம் நாட்டில் உண்டு. இருந்தும் பலர் அமெரிக்கா, கனடா, தென் ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ் என்று போகிறார்கள். காரணம் பெரும்பாலும் காலம்தான். விமானங்கள் அதிகம், வானிலை சாதகமாக இருக்கும் இடங்களும் உண்டு என்பதால், இங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் இழுப்பது அங்கே ஓராண்டுக்குள் முடியக்கூடும். காலம் மிச்சமானால் பணமும் மிச்சம் என்பது உண்மையே; ஆனால் முடிந்தால்தான் மிச்சம்.

முதல் செலவு மருத்துவருக்கு

பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. வணிக விமானிக்கு டி.ஜி.சி.ஏ.வின் முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். பெங்களூரிலும் டில்லியிலும் உள்ள விமானப் படை மருத்துவ மையங்கள் இந்தப் பரிசோதனைக்குப் பெயர்பெற்றவை. பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, இதயம் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதற்கு ஆகும் செலவு சில ஆயிரங்கள். இதைத் தள்ளிப்போட்டு, அமெரிக்காவில் அரைப் பயிற்சி முடிந்த பிறகு குறை தெரியவந்தால் போவது லட்சங்கள். கண்ணாடி போட்டிருப்பதே தடையல்ல. ஆனால் எது தடை, எது தடையல்ல என்பதைப் பள்ளியின் விளம்பர ஏஜெண்டு சொல்லக் கூடாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

செலவை எப்படிக் கூட்டுவது?

பள்ளிகள் அச்சிட்டுத் தரும் தாளில் ஒரே ஒரு தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதை நம்பாமல் மணிக்கணக்கில் பிரித்துக் கேளுங்கள். விமான வாடகையில் எரிபொருள் சேர்ந்ததா, இல்லையா? பயிற்சியாளருக்குத் தனிக் கட்டணமா? தேர்வாளர் கட்டணம், சீருடை, புத்தகம், காப்பீடு எல்லாம் உள்ளே வருமா?

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. ஒற்றை எஞ்சின் விமானம் 180 மணி நேரம், மணிக்கு 180 டாலர் என்றால் 32,400 டாலர். இரட்டை எஞ்சின் 20 மணி நேரம், மணிக்கு 400 வீதம் 8,000. பயிற்சியாளர் 110 மணி நேரம், மணிக்கு 70 வீதம் 7,700. தேர்வு, தேர்வாளர், புத்தகம் 5,000. தங்குமிடம், சாப்பாடு மாதம் 1,200 வீதம் 12 மாதத்துக்கு 14,400. ஆகமொத்தம் 67,500 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் சுமார் 57 லட்சம். 90 ரூபாய் என்றால் 60 லட்சத்து 75 ஆயிரம். விமானக் கட்டணம், விசாச் செலவு இவற்றில் சேரவில்லை. பள்ளிக்குப் பள்ளி இந்த விகிதங்கள் மாறும். ஆனால் கூட்டும் முறை இதுதான்.

இத்துடன் முடிவதில்லை. திரும்பி வந்தபின் இந்திய உரிமமாக மாற்றும் செலவு; அதற்குப் பிறகு ஏர்பஸ் அல்லது போயிங் போன்ற பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சி. இதற்கே பல லட்சங்கள் ஆகும். விமான நிறுவனங்களே நடத்தும் 'கேடட்' திட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுவதும் உண்டு. அவற்றில் கிடைக்கும் கடிதம் பெரும்பாலும் நிபந்தனைக்கு உட்பட்டது. வேலை நியமன உத்தரவு அல்ல.

200 மணி நேரம் என்னும் கண்ணி

இந்திய விதிப்படி வணிக உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவு கொண்ட ஒரு பயணம், 5 மணி நேர இரவுப் பறப்பு, 10 மணி நேரக் கருவிப் பறப்பு என்று இன்னும் பல நிபந்தனைகள். அமெரிக்காவிலோ, அங்கீகாரம் பெற்ற ஒரு வகைப் பள்ளிகளில் 190 மணி நேரத்திலேயே அந்நாட்டு வணிக உரிமம் கிடைத்துவிடும். கையில் அமெரிக்க உரிமம், கணக்கில் இந்தியாவுக்குப் பத்து மணி குறைவு. குறைந்த மணிகளை இங்கே வந்து பறந்து நிரப்புவதற்குக் காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் கடன் வட்டி ஓடும் மாதங்கள். எனவே, "உங்கள் பாடத்திட்டம் முடியும்போது இந்திய விதிப்படியான மணிகள் நிறையுமா?" என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதேபோல் வெளிநாட்டு உரிமம் மட்டும் இருந்தால் இங்கே வேலையில்லை. டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகளையும் எழுத வேண்டும். இவற்றைக் கிளம்பும் முன்பே இங்கிருந்து எழுதி முடித்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பியபின் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதில்லை.

பகுதி நேர வேலை என்ற நம்பிக்கை

"போய்விட்டால் அங்கே ஏதாவது கடையில் வேலை பார்த்துச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வான்" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் விமானப் பயிற்சிக்குப் பெரும்பாலும் தரப்படும் எம்-1 விசாவில் படிக்கும் காலத்தில் வேலை செய்ய அனுமதியில்லை. படிப்பு முடிந்தபின் செய்முறைப் பயிற்சி என்ற பெயரில், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதம், அதிகபட்சம் ஆறு மாதம் கிடைக்கலாம். அவ்வளவுதான். முழுப் படிப்புக்கும் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று விசா நேர்காணலிலேயே காட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, நம் கைமீறிய காரணம் இருந்தாலன்றிப் பள்ளியை மாற்றவும் முடியாது. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது கல்யாணத்துக்கு வரன் பார்ப்பது போல, அவசரம் கூடாது.

மொத்தமாகக் கட்டாதீர்கள்

லாஸ் வேகாஸ் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்டு அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஹெலிகாப்டர் பயிற்சி தந்த சில்வர் ஸ்டேட் நிறுவனம் 2008 பிப்ரவரி 3 அன்று திடீரென மூடப்பட்டுத் திவாலானது. ஏறத்தாழ 70,000 டாலரை முன்கூட்டியே, பெரும்பாலும் வங்கிக் கடன் மூலம், கட்டியிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் நடுவில் நின்றார்கள். பயிற்சி நின்றது, கடன் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டியில் பல்லாண்டு நடந்த டேசைடு ஏவியேஷனும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. பெரிய பெயர் என்பது பாதுகாப்பு ஆகாது.

ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். பறந்த மணிக்குப் பணம், அல்லது கட்டம் கட்டமாகப் பணம் என்ற ஏற்பாட்டையே கேளுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஏஜெண்டு கணக்கில் பணம் போடாமல் பள்ளியின் கணக்குக்கே அனுப்புங்கள்.

கடனும் ஊர்ச் சொத்தும்

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், உரிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற விமானிப் பயிற்சிக்கும் இடமுண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கைப்பணம் போட வேண்டியிருக்கும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம்; பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம்.

இந்த ஈடு என்ற இடத்தில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். இங்கே இருப்பது வாடகை வீடு, அல்லது ஏற்கெனவே கடனில் உள்ள ஃபிளாட். ஊரில் இருப்பது வயல். கடன் திரும்பாவிட்டால் வங்கிகள் நேரடியாக நடவடிக்கை எடுக்க உதவும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே வயலை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. மிஞ்சுவது ஊர் வீடு. அதன் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும்; பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் பங்கிருக்கும். வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சரியாக மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, ஊருக்கு லீவில் போகும் சமயம் இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. கூடப் பிறந்தவர்களிடம் ஒளிக்காமல் பேசிச் சம்மதம் வாங்குவதும் முக்கியம். கையெழுத்துக்காக மட்டும் அவர்களைத் தேடிப் போனால் உறவு கெடும்.

தவணையையும் பாருங்கள். 50 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். முழுக் கடனையும் வாங்கி, இரண்டரை ஆண்டு வட்டி கட்டாமல் விட்டால், தனிவட்டியிலேயே கடன் 63 லட்சமாகும்; தவணை 70,000 ரூபாயை நெருங்கும். முடிந்தவரை படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவருவது புத்திசாலித்தனம். அந்த வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, 80-இ பிரிவில் எட்டு ஆண்டு வரை விலக்கு உண்டு. புதிய முறையில் கிடையாது.

டாலரும் வரியும்

2013 மே தொடக்கத்தில் டாலர் சுமார் 54 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதத்தில் பயிற்சியில் சேர்ந்து, இன்னும் 30,000 டாலர் கட்ட வேண்டியிருந்த ஒரு குடும்பத்துக்கு நான்கே மாதத்தில் கூடுதலாகிய பாரம் நான்கு லட்சத்துக்கு மேல். ஆகவே மொத்தச் செலவில் பத்துப் பதினைந்து சதவீதம் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கல்விக்காகச் சொந்தப் பணம் அனுப்பும்போது, ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி டி.சி.எஸ். வரி பிடிக்கும், இந்த வரம்பு 2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து உயர்ந்தது. வங்கிக் கல்விக் கடனாக இருந்தால் பிடித்தம் இல்லை. வரம்பு அனுப்புகிறவரைப் பொறுத்தது. எனவே அப்பா, அம்மா இருவர் கணக்கிலிருந்தும், மார்ச்சுக்கு முன்னும் ஏப்ரலுக்குப் பின்னுமாகப் பிரித்தும் அனுப்பலாம். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

வேலை உடனே கிடைக்காவிட்டால்?

2012 அக்டோபரில் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் ஆகியவை பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். புதிதாக வந்தவர்கள் அந்த வரிசையின் கடைசியில். 2020இல் கொரோனா வந்தபோது உலகமே தரையில் நின்றது. இத்துறையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். உரிமம் கிடைத்த நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டு ஆனாலும் தாங்குமா என்று குடும்பம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டப் படிப்பையும் அஞ்சல் வழியில் முடித்து வைப்பது பிள்ளைக்கு ஒரு பிடிமானம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், அதன் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் என்ன மிஞ்சுகிறது என்பதை அதே தாளில் எழுதுங்கள். ஓய்வுக்குப் பிறகு நீங்கள் இருவரும் எங்கே குடியிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். விமானியாகப் போகிற பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். எரிபொருளைக் கணக்கிட்டு, போக வேண்டிய இடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே இறங்குவது என்பதையும் குறித்துக்கொண்ட பிறகே விமானி புறப்பட வேண்டும் என்பதைப் பயிற்சிப் பள்ளி பின்னால் சொல்லித் தரும். அந்தப் பாடத்தை வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.