மறந்த தையல் மீண்ட கதை

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி விளைகிறது. ஜயங்கொண்டம் பக்கம் தறி ஓடுகிறது. ஆயினும், துணியின்மேல் ஊசியால் செய்யும் பூவேலையைப் பெண்களின் பொழுதுபோக்கென்றே நாம் எண்ணிவிடுகிறோம். அது கூலியும் பெருமையும் தரும் தொழில் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு சான்றாக உள்ளது.

அங்குள்ள லம்பாடிப் பெண்கள் முன்னாளில் கண்ணாடிச் சில்லும் சோழியும் வண்ண நூலும் வைத்துத் தம் ஆடைகளைத் தாமே அணிசெய்துகொண்டனர். சேலை வழக்கமானபின் அக்கலை மறையலாயிற்று. 1993-இல் கணவருடன் அங்கு மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் லலிதா ரெஜி, 2006-இல் அக்கலையை மீட்க முனைந்தபோது, அதை அறிந்தவர்களாக மூதாட்டியர் இருவரே எஞ்சியிருந்தனர். அவ்விருவரிடமும் இளம்பெண்கள் அமர்ந்து கற்றனர். அம்முயற்சியில் உருவான குழுவின் பெயர் ‘போர்கை’. லம்பாடி மொழியில் பெருமை என்பது அதன் பொருள். அவர்கள் தைக்கும் பைகளும் உறைகளும் ஆடைகளும் நகரங்களில் விலைபோகின்றன. ஊரைவிட்டு வேலை தேடிச் செல்லாமலே, வீட்டு வேலைகளுக்கிடையே அப்பெண்கள் வருவாய் ஈட்டுகின்றனர்.

நூலும் துணியும் நம் கையில் உள்ளன. கைவேலை அறிந்த மூதாட்டியர் நம் ஊர்களிலும் இருப்பர். வாரத்தில் ஒரு பிற்பகல், சங்கக் கட்டடத்தில் இளம்பெண்களுக்கு அவர்கள் கற்பிக்க வழிசெய்யலாகாதா? அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசிக்க வேண்டுகிறோம். சிட்டிலிங்கியில் இருவராவது எஞ்சியிருந்தனர். நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.