வண்டியேறிய நூனிலையம்

நூனிலையம் என்றவுடன் பூட்டிய பேழைகளும், பேசாதிருக்கப் பணிக்கும் பலகையுமே நம்மிற் பலர்க்கு நினைவில் எழும். 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிற் பிறந்த நூனிலையமோ காளை பூட்டிய வண்டியொன்றேயாம். அதனை அமைத்தவர் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலறிஞர். படிப்பார் நூலை நாடி வருதல் அரிதாயின், நூல் அவரை நாடிச் செல்லுக என்பதே அவர் கருத்து. நூல்கள் பயன்கொள்ளுதற்கே உரியன என்பதைத் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்து ரங்கநாதனார் நூல் வெளியிட்டதும் அவ்வாண்டே.

பின்னர், 1948இல் சென்னை மாகாணம் பொது நூனிலையச் சட்டம் இயற்றிற்று. சொத்து வரியோடு நூனிலைய வரியும் சேர்த்துத் தண்டப்படலாயிற்று. ஆகவே வீட்டுவரி செலுத்தும் எழுத்தறியாக் கிழவியும் அங்குள்ள நூல்கட்கு உரியவளே; இதனை அவளுக்குச் சொல்வார்தாம் இலர்.

எம்மூர்க் கிளை நூனிலையத்தில் செய்தித்தாள் படிக்கலாம்; உறுப்பினர் நூல்களை இல்லத்திற்கும் கொண்டு செல்லலாம். ஆயின் வயலினின்று மீள்வோர் வருமுன் கதவு அடைபட்டுவிடும். சென்ற நவம்பர் 14 முதல் 20 வரை நிகழ்ந்த நூனிலைய வாரத்தில், யாம் எம் பெயரிற் பெற்ற நூல்களை மிதிவண்டியில் ஏற்றிக் கீழத்தெருவிற்குச் சென்றோம். அனைத்தும் யாம் விரும்பிய நாவல்களே! ஓர் அம்மையார் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "ஆட்டு நோய்க்கு மருந்து சொல்லும் புத்தகம் இல்லையா, தம்பி?" என்றார். நாணி மீண்டோம்.

மறுநாள் தேடியபொழுது அத்தகைய நூலொன்று அடித்தட்டிற் கிடந்தது. அதன் தேதித்தாளில் ஒரு முத்திரையேனும் இல்லை.