முதலில் மண்வெட்டி, பிறகு சைக்கிள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் குன்னூர்ப் பக்கம் ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தரையே சொல்லிவிடும். நல்ல பாதை என்றால் சில்வர் ஓக் சருகுகள் பாதைக்குக் குறுக்கே, பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி ஒட்டிக் கிடக்கும். மழை பாதையைக் கடந்து சரிவில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கெட்டுப்போன பாதையில் சருகே இருக்காது. நட்டநடுவே ஒரு கோடு ஓடும். தொடக்கத்தில் விரல் ஆழம், கொஞ்சம் இறங்கினால் முழங்கை ஆழம். செம்மண் அடித்துக்கொண்டு போய், கல்லும் வேரும் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோடு பிறந்த இடத்துக்கு ஏறிப் போனால் பெரும்பாலும் ஒரு தடம் கண்ணில் படும்: ஈரமண்ணில் யாரோ ஓட்டிய வண்டியின் டயர் தடம், அல்லது பிரேக்கை இறுகப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே இறங்கிய சைக்கிளின் தடம்.

நீலகிரியில் மலைச் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிய பேச்சு எப்போதும் சைக்கிளிலிருந்தே தொடங்குகிறது. எத்தனை கியர், என்ன சஸ்பென்ஷன், என்ன விலை? பாதையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் ஆதங்கம்.

சைக்கிள்காரர்களுக்கு இந்த மலை புதிதில்லை. 2008-இல் பெங்களூருவில் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ பயணத்தில் மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கல்லட்டி வழியாக ஊட்டி சேரும் பகுதி பேர்பெற்றது. ஆனால் அது தார்ச் சாலை. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு துறை இருக்கிறது. தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் தாரை விட்டு விலகி, லேம்ஸ் ராக் பக்கத்துத் தோட்டங்களிலும் கேத்திச் சரிவுகளிலும் கோத்தகிரி சுற்றுவட்டாரத்திலும் இறங்கும்போதுதான் கேள்வி எழுகிறது. அந்தப் பாதைகளுக்கு யார் பொறுப்பு?

அவை எவையும் சைக்கிளுக்காகப் போட்டவை இல்லை. ஹட்டி எனும் தங்கள் ஊர்களுக்கு இடையே படுகர் நடந்த வழிகள், தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கு எருமைகள் போன வழிகள், தோட்டங்கள் வந்த பிறகு கொழுந்து சுமக்கப் போட்ட வழிகள். வெள்ளைக்காரர்கள் மலையேறப் போட்டதும் முதலில் குதிரைப் பாதைதான். ஜான் சல்லிவன் கோவை கலெக்டராக இருந்தபோது, சிறுமுகையிலிருந்து கோத்தகிரி அருகே உள்ள திம்பட்டி வரை 1823-இல் அந்தப் பாதை முடிந்தது. மனிதக் காலும் குளம்பும் மிதித்து மிதித்து இறுகிய மண் இது. உருளும் சக்கரம் அதை அறுக்கும் விதமே வேறு.

எவ்வளவு செங்குத்தாகப் பாதை போடலாம்? மலை ரயிலை ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரும்வரை அது 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, அதாவது நூற்றுக்கு எட்டே சொச்சம். இரும்புத் தண்டவாளத்தில் அதற்கே பல்சக்கரம் தேவைப்பட்டது. சைக்கிள் பாதை போடுகிறவர்கள் உலகெங்கும் பின்பற்றும் கணக்கில் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துதான். இன்னொரு விதியும் உண்டு: மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு போகக் கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் கடக்காமல் பாதையிலேயே ஓடத் தொடங்கிவிடும். வளைந்து வளைந்து இறங்கும் வழியை வெட்டிக்கொண்டு நேர்கீழாக இறங்கும் குறுக்குகள் எல்லாம் ஓடையாக மாறுவது இதனால்தான். பாதையின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே சின்ன மேடு வர வேண்டும். மேட்டுக்கு முன்னால் உள்ள குழிவில் தண்ணீர் வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அந்த ஏற்ற இறக்கம் குஷி, பாதைக்கு அதுவே உயிர்.

இந்தக் கணக்கைத் தோட்டத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைச் சரிவில் வரிசைகளுக்கு இடையே கான் (வடிகால்) வெட்டி, இடையிடையே தடுப்பு விட்டு, வண்டல் தங்கும்படியும் தண்ணீர் மெல்ல வழியும்படியும் செய்வது அவர்கள் கையோடு வந்த வேலை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அதிலிருந்து வந்ததுதான். இலங்கை மலையகத்தில் பழகிய மண்வெட்டி இந்தச் சரிவுகளிலும் விழுந்தது. ஊட்டியிலேயே 1954 முதல் மத்திய அரசின் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் இயங்கி வருகிறது. அறிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

அரித்துப்போன பாதையைத் தெரிந்தவர்கள் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் வெறும் மண்ணைக் கொட்ட மாட்டார்கள். அடுத்த மழை அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதலில் பள்ளம் தொடங்கும் இடத்துக்கு மேலே சாய்வாக ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவார்கள். பிறகு பள்ளத்துக்குள் குறுக்கே, கீழிருந்து மேலாக, கல் வரிசைகள். பெரிய கல் பாதியளவு மண்ணில் புதைந்திருக்க வேண்டும். கற்களுக்குப் பின்னால் கவாத்தில் வெட்டிய மிலாறு, அதன்மேல் மண், கடைசியில் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குவது. கொஞ்ச தூரத்துக்கே பெரும் உழைப்பு இது. அடைபட்ட கானை மழைக்கு முன்பே திறந்துவிட்டிருந்தால் இதில் பாதி வேலை மிச்சப்பட்டிருக்கும்.

மிச்சப் பொறுப்பு சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருடையது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் மேல்மண் உரிந்துவிடும். பெடல் இரண்டும் சமமாக, குதிகால் தாழ்ந்து, உடம்பு கொஞ்சம் பின்னால், பார்வை சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில். இரண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் மெதுவாகப் பிடித்துப் பழகியவர் இறங்கிப் போன பிறகு பாதையில் தடமே தெரியாது. ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உறைபனி விழுந்த காலையில் மண் இறுகியிருப்பதுபோல் தெரியும். வெயில் ஏறியதும் மேல்மண் சேறாகிவிடும். டயரில் மண் ஒட்டி வந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவதே முறை.

இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே இந்தப் பாடம் கசப்பாகத்தான் வந்தது. கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976-இல் இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலையிறங்கிப் போட்டி நடத்தினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. எண்பதுகளில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் எதிர்த்ததால் பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988-இல் அங்குள்ள சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து ஓர் அமைப்பாகி, பாதை போடவும் பராமரிக்கவும் இறங்கின. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலைச் சைக்கிள் இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி ஒரு தடம் அமைக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீலகிரியில் அப்படி ஒரு தடம் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அது காட்டுக்குள் வரக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் திறந்த 40 மலையேற்றப் பாதைகள் நடப்பவர்களுக்கானவை. வழிகாட்டியோடு, முன்பதிவோடு போகிற ஏற்பாடு அது. அங்கே சைக்கிளை நுழைக்கக் கேட்பது நியாயமில்லை. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தரும் சோலை அது. ஒரு சக்கரம்கூட அதன் தரையில் உருளக் கூடாது.

தோட்டத்துக்குள்ளும் தனியாக இல்லை நாம். காட்டுமாடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே பகலிலேயே நிற்கும். கரடி அந்தியில் வரும். நடந்து வருகிறவரின் அரவம் கேட்டு அவை ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிள் ஓசையின்றி வளைவைத் தாண்டி வந்து நிற்கும்போது விலகிக்கொள்ள இரண்டு தரப்புக்கும் நேரமிருக்காது. மணி கட்டாயம். வெயில் நன்றாக ஏறிய பிறகு தொடங்கி, மாலைக்குள் முடித்துவிட வேண்டும். கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து வரும் பெண்ணுக்கு முன்னால் இறங்கி நின்று வழிவிட வேண்டும். அது அவர் வேலை செய்யும் இடம்.

ஆகவே, ஏதாவது ஒரு தோட்டம், ஏற்கனவே இருக்கும் பாதைகளில் சிலவற்றை முறையான அனுமதியோடு சைக்கிளுக்குத் திறக்கட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கமென்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடட்டும். கூடலூர்ப் பக்கமென்றால் தென்மேற்குப் பருவமழை முழுக்க மூடட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மலையில் மூடும் தேதியை வானம்தான் முடிவு செய்யும். உள்ளே வருகிறவரிடம் கட்டணம் வாங்கலாம். அந்தப் பணத்தில் முதல் செலவாக எழுதப்பட வேண்டியது, கான் வெட்டவும் கல் பதிக்கவும் தெரிந்தவர்களின் நாள்கூலி. மார்கழி நடுவில் அவர்கள் வேலையைத் தொடங்கினால், தைப் பொங்கல் விடுமுறைக்கு வருகிறவர்களுக்குப் பாதை தயாராக இருக்கும்.