சென்னையில் பிறந்த ஹெரால்டைத் தேடி

வாப்பாவிடம் ஒரு கார் இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெயர். இளநீல நிறம், இரண்டே கதவுகள். உம்மாவும் லாத்தாமார்களும் பின்னிருக்கையில் அமரவேண்டுமானால் முன்னிருக்கையை மடித்துவிட்டு, துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழையவேண்டும். அந்தச் சிரமத்தைப் பற்றி உம்மா ஒவ்வொரு முறையும் குறைபட்டுக்கொள்வார்கள். ஆயினும், காயல்பட்டினத்தின் குறுகிய தெருக்களில் ஒரே வீச்சில் திரும்பக்கூடிய கார் அதுவொன்றுதான் என்பது வாப்பாவின் வாதம். அது வெறும் பெருமையன்று. ஹெரால்டு முழுவட்டம் திரும்புவதற்கு 25 அடி அகலம் போதும். அம்பாஸடர்க்காரர்கள் முன்னும் பின்னுமாக முயன்றுகொண்டிருக்கும் தெருமுனையில் வாப்பா அமைதியாகத் திரும்பிப் போய்விடுவார்கள்.

1981-இல் மூத்த லாத்தாவின் நிக்காஹ் செலவுக்காக அந்தக் கார் விற்கப்பட்டது. வாங்கியவர் அதை ஓட்டிச் சென்றபோது வாப்பா வாசலுக்கு வரவில்லை. அஸருக்கு இன்னும் நேரமிருந்தும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அதன்பின் வபாத்தாகும்வரை அந்தக் காரைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

2015-இல் பணி ஓய்வு பெற்ற நான், அதைப் போன்ற ஒரு ஹெரால்டைத் தேடத் தொடங்கினேன். “உங்க வாப்பா காரை வித்தது லாத்தாவுக்காக. நீங்க வாங்குறது யாருக்காக?” என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் விடையில்லை. ஆசைகளுக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிவிடுகின்றது.

பழைய கார் வைத்திருப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். மன்னர்கள் வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு அது பொருந்தலாம். ‘விண்டேஜ்’ என்ற சொல்லைத் துல்லியமாகக் கையாளும் ஆர்வலர்கள், 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே அச்சொல்லால் குறிப்பார்கள். ஆனால் நமது நாட்டுச் சட்டத்தின் கணக்கு வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமலிருக்கும் வாகனம் விண்டேஜ் ஆகும். அதற்கெனப் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பே பதிவானவை தமது பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பதிவான காரைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுதுபார்க்கவுமே சாலைக்குக் கொண்டுவரலாம். அன்றாடம் ஓட்ட இயலாது. ஜும்ஆவுக்கும் கல்யாண வீட்டுக்கும் குடும்பத்தோடு போகவேண்டும் என்பவர்கள், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது நலம். நானும் அவ்வாறே செய்திருக்கின்றேன்.

ஹெரால்டு உருவான கதை சுவையானது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்குக் காரின் உடற்பகுதியைச் செய்து தந்த தொழிற்சாலையை, 1950களில் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லாமற் போகவே, பழைய முறைப்படி தனியாக ஓர் அடிச்சட்டத்தை அமைத்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். அழகான வடிவத்தை வரைந்து தந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கலொட்டி. 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. துண்டுகளாகப் பிரிக்கக்கூடியதாதலால் கப்பலேற்றி அயல்நாடுகளில் பூட்டுவதும் எளிதாயிற்று. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைச் செய்யலாயிற்று. கல்கத்தா பக்கத்து அம்பாஸடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்டு என்று மூன்று கார்கள் நாட்டுச் சாலைகளை ஆண்ட காலம் அது. பின்னர் இங்கே நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. அது இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யப்படவில்லை. முழுக்க நம்மவர்களின் ஏற்பாடு. உம்மாவைப் போலப் பல வீட்டு உம்மாமார்களின் குறை சென்னைக்கு எட்டியிருக்கவேண்டும்!

இனி, நான் ஏமாந்த கதை.

2016-இல் ஒரு தரகர் மூலம் சிவப்பு நிற ஹெரால்டு ஒன்று வந்தது. கண்ணாடி போல் மின்னிய பெயின்ட். சாவியைத் திருப்பியதும் உறுமிய எஞ்சின். மாலை நேரத்தில் பார்த்தேன்; மறுநாள் காலையில் முன்பணம் கொடுத்தேன். நானும் மனைவியும் உம்ராவுக்கென்று சேர்த்துவைத்திருந்த தொகையிலிருந்து ஒன்றரை லட்சத்தை எடுத்தேன். ஆறு மாதத்தில் திருப்பி வைத்துவிடுவதாக வாக்கும் கொடுத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கதவுகளின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. டிங்கர் வேலை செய்பவர் ஸ்குரூ டிரைவரை வைத்து இலேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. தகடு இருக்கவேண்டிய இடத்தில் விரற்கனத்துக்குப் பட்டி பூசப்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய அடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விழுந்தது. சேசிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சும், ஆர்.சி. புத்தகத்தின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒரு காரின் அடிச்சட்டத்தில் மற்றொரு காரின் உடலைப் பூட்டியிருந்தார்கள். ஹெரால்டின் அமைப்பு அதற்கும் வசதியானதுதான்! கடைசியில் அது 22,000 ரூபாய்க்கு உதிரிபாகங்களாகப் போயிற்று. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடவுச்சீட்டுகள் இரண்டையும் எடுத்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.

அந்த நட்டம் கற்றுத் தந்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன். பழைய காரைப் பார்க்கப் போகிறவர் எஞ்சினைக் கடைசியாகப் பார்க்கவேண்டும். நான்கு சிலிண்டர்களும் 948 சி.சி. கொள்ளளவும் உடைய அந்தச் சிறிய எஞ்சினை நல்ல மெக்கானிக் ஒருவர் பிரித்துச் சீர்செய்துவிடுவார். பிஸ்டனும் வால்வும் அலைந்தால் கிடைக்கும். கிடைக்காதவை தகடும், கண்ணாடியும், பளபளக்கும் ஓரப்பட்டைகளும், விளக்கு வளையங்களும். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு கதவுக் கைப்பிடிக்காக நான் மூன்று நாட்கள் நடந்திருக்கின்றேன்.

ஆகவே காலை வெயிலில் போகவேண்டும். கழுவி ஈரமாக நிற்கும் காரைப் பார்க்கலாகாது. நீர் எல்லா நிறத்தையும் அழகாக்கிவிடும். சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும்; பட்டி உள்ள இடத்தில் விழுந்துவிடும். கடலோர ஊர்க் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். வாப்பா ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் பழைய எஞ்சின் எண்ணெயைக் காரின் அடியில் தூரிகையால் பூசுவார்கள். அவ்வாறு செய்யாத கார்களைக் கடற்காற்று தின்றிருக்கும்.

ஹெரால்டின் பானெட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் சாய்ந்து திறக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் இதற்காகவே இந்தக் காரை விரும்புவார்கள். அப்படித் திறந்ததும் கண்ணை எஞ்சினில் ஓட்டாமல் அடிச்சட்டத்தில் ஓட்டுங்கள். பிறகு பாய் விரித்துப் படுத்து, சட்டத்திலிருந்து இரு பக்கமும் நீளும் கைகளைத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசைக்கும் சொத்தை ஓசைக்கும் வேறுபாடு உண்டு. கதவை மூடிவிட்டு இடைவெளியைக் கவனிப்பதும் பயன் தரும். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் சட்டம் தொய்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் புதிதாக வந்தபோதே ஹெரால்டின் இடைவெளிகள் அத்தனை ஒழுங்காக இருந்ததில்லை என்பதையும் நீதியோடு சொல்லவேண்டும்.

உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்றுண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடியில், திருகுமரையோடு கூடிய ஒரு வெண்கலத் துண்டு இருக்கின்றது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விடவேண்டும். பார்ப்பதற்குக் கிரீஸ் அடிக்கும் இடம்போல் தோன்றுவதால் பல பட்டறைகளில் கிரீஸை அடித்துவிடுகின்றார்கள். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரியாகச் செல்லாது, தண்ணீர் புகும், உள்ளே துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விற்பவரிடம் “இங்கே என்ன போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அந்தக் கார் வளர்ந்த விதமே தெரிந்துவிடும்.

எஞ்சினுக்கு ஒரே சோதனை சொல்கின்றேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, முன்புறமுள்ள கப்பியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்தால், உள்ளே கிராங்க் தண்டின் வாஷர்கள் தேய்ந்தோ கழன்றோ இருக்கின்றன. அதோடு ஓட்டினால் எஞ்சின் கட்டையே வீணாகும். ஓட்டிப் பார்க்கும்போது வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுத் திடீரென்று காலை எடுக்காதீர்கள். பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும் குணம் இந்தக் காருக்கு உண்டு.

2018-இல் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மர்ஹூமின் வீட்டுக் கொட்டகையில் 1967-ஆம் ஆண்டு ஹெரால்டு நிற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பச்சை நிறம், இரண்டு கதவுகள், மெட்ராஸ் காலத்து மூன்றெழுத்து எண். பெயின்ட் மங்கி, இருக்கை கிழிந்து, டயர்கள் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஆனால் காந்தம் எங்கு வைத்தாலும் ஒட்டியது. பென்சில் அச்சும் புத்தகமும் எண்ணுக்கு எண் பொருந்தின.

துபாயிலிருந்த மகன், பழைய இரும்புக்காரருக்குச் சொன்ன அதே விலையை எனக்கும் சொன்னார்: 15,000 ரூபாய். அன்றிரவே பணத்தை அனுப்பினால் கொண்டுபோகலாம் என்றார். அது லட்சத்தை ஒட்டிய விலை பெறும் என்பது எனக்குத் தெரியும். இழந்ததெல்லாம் ஒரே இரவில் திரும்பிவருகின்றது என்று மனம் கணக்குப் போட்டது. நான் கேட்கவில்லையே, அவராகச் சொன்ன விலைதானே என்று நியாயமும் பேசியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “சிகப்புக் காரை உங்களுக்கு வித்தவரும் இப்படித்தான் பேசாம இருந்திருப்பாரு” என்றாள்.

மறுநாள் துபாய்க்குப் பேசி உள்ளதைச் சொன்னேன். ஒரு லட்சம் தருவதாகவும் கூறினேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவரே சிலிண்டர் ஹெட்டின் பழுதைச் சொல்லி 4,000 ரூபாயைக் குறைத்தார். ஆக 96,000.

அதோடு முடியவில்லை. கார் இறந்தவரின் பெயரிலிருந்தது. மகன் ஒருவரின் சொல் போதாது. தாயாரும் இரண்டு சகோதரிகளும் உரிமையாளர்களே. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்றவர்களின் ஒப்புதலோடு 31-ஆம் எண் படிவத்தில் முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றி, அதன்பின் 29, 30-ஆம் எண் படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு மாற்றவேண்டும். இதைச் செய்யாமல் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். விபத்து நேரும்போதுதான் அதன் விலை தெரியும். தொகையும் ஷரீஅத் முறைப்படி பிரிக்கப்பட்டது. தாயாருக்கு எட்டில் ஒன்று, 12,000. மீதி 84,000-இல் மகனுக்கு 42,000, மகள்களுக்குத் தலா 21,000.

இளைய மகள் மூன்று மாதம் கையெழுத்திடவில்லை. பணம் காரணமன்று. அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்ற கார் அது. நான் வற்புறுத்தவில்லை. 1981-இல் எங்கள் வாசலில் நடந்ததை மட்டும் ஒருநாள் அவருடைய தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு: ஆண்டுக்கு ஒரு பெருநாளன்று காரை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவேண்டும்.

எல்லாம் முடிய ஏழு மாதம் ஆயிற்று. உம்ராவுக்கு 2019 டிசம்பரில் சென்று வந்தோம். 2020-இல் ஊரடங்கால் போக முடியாததைத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் பச்சை ஹெரால்டு பாளையங்கோட்டைக்குப் போயிருக்கின்றது. அந்த மகளின் பிள்ளைகள் முன்னிருக்கையை மடித்துப் பின்னால் ஏற இப்போது பழகிவிட்டார்கள்.

சென்ற மாதம் பின்புறத்துக் குறுக்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்துவிட்டது. அதே அளவில் எங்கும் கிடைக்கவில்லை. லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்திருக்கின்றேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார், இன்ஷா அல்லாஹ்.